அருவிக்கு ஒரு மணி

பதற்றம் வந்தால் சிலருக்கு வேர்க்கும், சிலருக்குக் கை நடுங்கும். எனக்குக் கொட்டாவி வரும். பதற்றம் எவ்வளவோ, வாயும் அவ்வளவு திறக்கும். பயணிக்கு விசா வரத் தாமதமானால் சின்னக் கொட்டாவி. பெயரில் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்து டிக்கெட் எடுத்துவிட்டால், தாடை எலும்பு கடக்கென்று சத்தம் போடும் அளவுக்குப் பெரிய கொட்டாவி. தென்காசியில் விமான டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் இருபத்தெட்டு வருடம் நான் தாக்குப்பிடித்ததற்கு இந்தக் கொட்டாவிதான் காரணம். எனக்குள் நடக்கும் கலவரம் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. "மாரியப்பன் அண்ணாச்சி என்ன நிதானம் பாத்தியா? அவருக்கு உறக்கமே வருது" என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு நிம்மதியாக எழுந்து போவார்.

போன மாதம் ஓய்வு பெற்றுவிட்டேன். ஐம்பத்தாறு வயதில் என்ன ஓய்வு என்று கேட்கிறார்கள். எனக்குத்தான் ஐம்பத்தாறு. என் தாடைக்கு எண்பது இருக்கும்.

இப்போது என் நாற்காலியில் நித்யா உட்கார்ந்திருக்கிறாள். கெட்டிக்காரி. போன வாரம் அந்தப் பக்கம் போனபோது கேட்டாள்: "அண்ணாச்சி, லாஸ் ஏஞ்சல்ஸுக்கு எவ்வளவு தூரம், எத்தன மணி நேரம்னு ஒருத்தர் கேட்டாரு. போன்ல தட்டினேன், கண்ணச் சிமிட்டுறதுக்குள்ள வந்துட்டு. நீங்களும் சாரும் இதச் சொல்லதுக்கு அர மணி நேரம் எடுப்பீங்களாமே, நெசமா?"

நிஜம்தான். சில சமயம் முக்கால் மணி நேரம்கூட ஆகும். ஏன் என்பதை நம் தொழிலில் இருக்கிறவர்கள் சேர்ந்து போடும் ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டாள். எழுதுகிறேன்.

நான் வேலை கற்றுக்கொண்ட கதையில் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வருடம் டீ வாங்கினேன். இரண்டாம் வருடம் டீ வாங்கிக்கொண்டே விமான நிலையங்களின் மூன்றெழுத்துச் சுருக்கங்களை மனப்பாடம் செய்தேன். மூன்றாம் வருடம் தனியாக ஒரு டிக்கெட் எடுத்தேன். அன்று முழுக்க விட்ட கொட்டாவியில், ஆளுக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சொல்ல வேண்டியது எங்கள் முதலாளி தேவசகாயம் சாரைப் பற்றி. அவர் வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் இருந்துவிட்டு ஊர் திரும்பி இந்த அலுவலகத்தைத் திறந்தவர். அவருக்கு அவசரம் என்ற ஒன்று படைக்கப்படவே இல்லை. ஒரு கேள்வி கேட்டால் முதலில் கண்ணாடியைக் கழற்றுவார், சட்டை நுனியால் துடைப்பார், மாட்டுவார், பிறகு நம்மைப் பார்ப்பார். அதற்குள் எனக்கு இரண்டு கொட்டாவி போயிருக்கும்.

யாராவது தூர தேசத்துக்கு முதல் தடவை டிக்கெட் கேட்டு வந்தால் சார் மேசைக்கு அடியிலிருந்து ஓர் உலக உருண்டையை எடுத்து வைப்பார். பள்ளிக்கூடத்து உருண்டை. எப்போதோ கீழே விழுந்ததில் பசிபிக் பெருங்கடலில் ஒரு பெரிய குழி. கூடவே ஒரு வெள்ளை நூல். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒன்று என்று கணக்குப் பண்ணி அதில் முடிச்சுப் போட்டிருப்பார். நூலின் ஒரு நுனியை இந்த ஊரிலும் மறு நுனியை அந்த ஊரிலும் வைத்து இழுத்துப் பிடிக்கச் சொல்லுவார். பயணியே பிடிக்க வேண்டும். "சும்மா இழுத்துப் பிடிங்க. நூலே வழியத் தேடிக்கிடும்" என்பார்.

பிறகு டிக்கெட் வைக்கும் உறையின் மேல் மூன்று கட்டம் போடுவார். முதல் கட்டம் 'நம்ம நேரம்'. இரண்டாவது 'அவுக நேரம்'. இந்த இரண்டும் எல்லோரும் எழுதுவதுதான். மூன்றாவது கட்டம் சாருடைய சொந்தச் சரக்கு. 'ஒடம்பு நேரம்'. "கடியாரத்த நீங்க ஒரு திருகு திருகி மாத்திரலாம். ஒடம்பு மாறாது பாத்துக்கிடுங்க. அது தென்காசி நேரத்துக்குத்தான் பசிக்கும், தென்காசி நேரத்துக்குத்தான் உறங்கும். அங்கன போயி ஒரு முழு நாள் ஒடம்புக்குன்னு விட்டுட்டுத்தான் அடுத்த காரியம்." பயணிகள் தலையாட்டுவார்கள். ஒருத்தரும் கேட்டதில்லை.

கிளம்பும் நேரத்தைச் சார் பின்னாலிருந்துதான் எண்ணுவார். விமானம் பறக்கும் நேரத்தில் ஆரம்பித்துத் தென்காசி வரை பின்பக்கமாகவே நடந்து வருவார். விமான நிலையத்தில் நிற்க மூன்று மணி. திருவனந்தபுரம் சாலைக்கு மூன்றரை மணி. மலை வளைவில் யாராவது வாந்தி எடுக்கக் கால் மணி. மலைப்பாதையில் இருக்கிற கோட்டவாசல் கருப்பசாமியைக் கும்பிட அரை மணி. சார் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் கருப்பசாமிக்கு ஒதுக்கிய அரை மணியை யார் கேட்டாலும் குறைக்கமாட்டார். குற்றால சீசன் சமயமாக இருந்தால் கடைசியில் இன்னொன்று சேர்ப்பார்: "அருவிக்கு ஒரு மணி."

சீசன் கூட்டத்தில் சாலை அடைத்துக்கொள்ளும் என்பதற்காகத்தான் அது. எனக்கும் தெரியும். இருந்தாலும் வருடா வருடம் கேட்பேன்: "அருவிக்கு எதுக்கு சார் ஒரு மணி? பயணி குளிச்சிட்டா போகப்போறாரு?"

சார் கண்ணாடியைத் துடைப்பார்.

நித்யா சொன்ன அதே லாஸ் ஏஞ்சல்ஸுக்குத்தான் சில வருடங்களுக்கு முன் டிக்கெட் கேட்டு வந்தார் சண்முகவேல் அண்ணாச்சி. புளியங்குடியில் எலுமிச்சங்காய் கமிஷன் மண்டி வைத்திருப்பவர். ஐம்பது வயதுக்கு அந்தப் பக்கம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எலுமிச்சம்பழம். விசா கையில் இருந்தது. விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி, ஏறியதில்லை. ஆனால் வழக்கமாக எல்லோரும் சொல்லும் 'மகளுக்குப் பிரசவம்' அவர் சொல்லவில்லை. உட்கார்ந்து, மேசையிலிருந்த பேப்பர் வெயிட்டை இரண்டு சுற்று சுற்றிவிட்டுச் சொன்னார்:

"தங்கச்சி பிள்ளைக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில வச்சுக் குத்தணும்லா. அந்த மாமன் நாந்தான்."

"சந்தோசமான விசயம் அண்ணாச்சி. தங்கச்சி கூப்பிட்டாவளாக்கும்?"

"கூப்பிட்டா." பேப்பர் வெயிட்டை மறுபடி ஒரு சுற்று சுற்றினார். "ஆறு வருசமா பேச்சுவார்த்த கெடையாது. அவளாப் பாத்துக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. நான் போகல. போகலங்கது மட்டும் இல்ல, இந்தப் பக்கம் வராதன்னுட்டேன். பெறகு இந்தத் தை மாசம் போன் வருது. எப்படியிருக்க, சாப்பிட்டியா, ஒண்ணும் கெடையாது. 'பிள்ளைக்குக் காது குத்தணும். நீ வரியா, இல்ல பக்கத்து வீட்டு குஜராத்திக்காரர் மடியில வச்சுக் குத்திரட்டுமா?' அவ்வளவுதான். வச்சிட்டா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணாச்சிக்கு வரவில்லை.

"அந்தக் குஜராத்திக்காரன் மடியில எம் மருமவ ஒக்காந்தான்னு வைங்க," என்றார், "பெறகு நான் மண்டி வச்சு என்னத்துக்கு, மீச வச்சு என்னத்துக்கு?"

சார் உருண்டையை எடுத்தார். முதலில் திருவனந்தபுரத்திலிருந்து தோஹா. மூன்று முடிச்சுக்குக் கொஞ்சம் குறைவு, நாலரை மணி நேரம். அங்கே ராத்தங்கல். அடுத்தது தோஹாவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ். அண்ணாச்சி நூலை இழுத்துப் பிடித்தார். பதின்மூன்று முடிச்சைத் தாண்டிப் போனது.

"கிட்டத்தட்ட பதினாறு மணி நேரம், எங்கயும் எறங்காம" என்றார் சார்.

"பதினாறு மணி நேரம்னா எங்க லாரி ஆந்திராவக்கூடத் தாண்டாது" என்றவர் நூலை உற்றுப் பார்த்தார். அது மேற்கே போகவில்லை. நேராக வடக்கே ஏறி, உருண்டையின் உச்சிக்குப் பக்கத்தில் போய், அந்தப் பக்கம் இறங்கியது. "என்ன சார் இது, அமெரிக்கா மேக்கால்லா இருக்கு? நூலு வடக்க போவுது?"

"உருண்டையில அதுதான் குறுக்கு வழி."

அண்ணாச்சிக்கு முகம் மாறியது. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். அந்தத் திசையில் பயணம் போகக்கூடாது. விமானமோ வெள்ளிக்கிழமை. மேற்கே போகிறோம் என்று அவர் வீட்டில் பஞ்சாங்கம் பார்த்து அதற்கு மாற்று ஏற்பாடெல்லாம் யோசித்து வைத்திருந்தார்கள். இப்போது விமானம் வடக்கே போகும் என்றால் எந்தத் திசைக்குப் பரிகாரம் செய்வது? ஐந்து நிமிடம் வீட்டுக்குப் போன் பேசினார். "வீட்டுப் படியில இருந்து எந்தப் பக்கம் எறங்குதோமோ அதுதான் கணக்காம். ஆகாசத்துல அவன் எங்கன வளைஞ்சு போனாலும் அது அவன் பாடு" என்று அண்ணாச்சி மனைவி, எங்களுக்கு மதினி, தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

வெள்ளி இரவு எட்டு மணிக்குத் திருவனந்தபுரம். சனி மத்தியானம் லாஸ் ஏஞ்சல்ஸ். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு அங்கே ஒரு கோயிலில் காது குத்து. சார் உறையில் கட்டம் போட்டார். அவுக நேரம் பகல் பதினொண்ணு என்றால் ஒடம்பு நேரம் ராத்திரி பதினொண்ணரை. "ஒரு நாள் முன்ன போங்க அண்ணாச்சி. ஒடம்புக்குன்னு ஒரு நாள் வேணும்."

"ஒரு நாளா? மண்டிய யாரு பாக்க? நாலு நாளைக்கு மேல என்னால ஆவாது சார். நான் போயாச்சுன்னா ஒடம்பும் வந்துரும். அது என்ன லக்கேஜா, பின்னால தனியா வர?"

சார் கண்ணாடியைத் துடைத்தார்.

வளைகுடாவில் பள்ளிக்கூட விடுமுறைச் சமயம் என்பதால் விமானங்கள் நிரம்பி வழிந்தன. நான் இருமுறை தேடிப் பார்த்தேன். இந்த விமானத்தை விட்டால் அடுத்து இடம் இருந்தது திங்கட்கிழமைதான். விட்டால் குஜராத்திக்காரர் மடிதான் என்று பொருள். அப்போதே எனக்கு ஒரு நடுத்தரக் கொட்டாவி வந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. நல்ல சாரல். முதல் தடவை பறப்பவர்களை எங்கள் ஆள் விமான நிலையம் வரை கொண்டுபோய் விடுவது சார் வைத்த வழக்கம். அன்று அந்த ஆள் நான். காரும் நானே ஓட்டவேண்டும். பின்னாலிருந்து எண்ணி, அருவிக்கு ஒரு மணியும் சேர்த்து, பதினொன்றே முக்காலுக்குக் கிளம்பவேண்டும் என்று சார் உறையில் எழுதியிருந்தார். அண்ணாச்சி புளியங்குடியிலிருந்து சொன்ன நேரத்துக்கு வந்து இறங்கினார். ஒரே ஒரு பெட்டி. நெற்றி நிறையத் திருநீறு.

காரில் ஏறும் முன் பாஸ்போர்ட்டை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். பையில் இருக்கிறது என்று சொன்னால் போதாது. இதுவும் சாரின் விதி.

"பாஸ்போர்ட்ட எடுங்க அண்ணாச்சி, ஒரு தடவ தொட்டுப் பாத்துருவோம்."

"அது செங்கோட்டையில இருக்கு தம்பி."

நான் வாயைத் திறந்தேன். கொட்டாவிதான் வந்தது.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை மேற்கே புறப்படக்கூடாது என்பதால் பரஸ்தானம் வைத்திருக்கிறார்கள். புறப்படுகிற நாள் சரியில்லை என்றால் அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், நம்முடைய சாமான் ஒன்றை வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. வைத்தால் அந்த நேரத்திலேயே நாம் பயணம் புறப்பட்டுவிட்டதாகக் கணக்கு. போகும்போது அதை எடுத்துக்கொண்டு போய்விடலாம். எங்கள் பக்கத்தில் பழைய குடும்பங்களில் இன்றும் செய்வதுதான். ஒரு துண்டு, ஒரு சட்டை, ஒரு பை, ஏதாவது வைப்பார்கள். மதினி மட்டும், "பயணத்துக்கு உயிரு எதுவோ அத வைக்கணும்" என்று சொல்லியிருக்கிறார்கள். பயணத்துக்கு உயிர் பாஸ்போர்ட். காது குத்துக்கு உயிர் கம்மல். இரண்டையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு, புதன்கிழமை காலையில் செங்கோட்டையில் இருக்கும் மதினியின் தம்பி பேச்சிமுத்து வீட்டுப் பூசை அறையில் வைத்தாயிற்று.

"போற வழிதான தம்பி? நின்னு எடுத்துட்டுப் போயிருவோம்" என்றார் அண்ணாச்சி.

சார் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "வழிதான். எடுத்துக்கிடுங்க" என்றார். இந்த மாதிரி நேரங்களில் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கும்.

பேச்சிமுத்துவுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். "பூசையில இருப்பான்" என்றார் அண்ணாச்சி. இலஞ்சி தாண்டும்போது போட்டேன். "வெளிய எங்கனயாவது நிப்பான்" என்றார். நான் விட்ட கொட்டாவி தொற்றி அண்ணாச்சியும் ஒன்று விட்டார். அவருடையது நிஜமான கொட்டாவி.

செங்கோட்டையில் வீட்டு முன்னால் இறங்கினோம். கதவில் பூட்டு. மறுபடியும் போன் போட்டேன். வீட்டுக்குள்ளே மணி அடித்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மேசை மேல் போன் தன்னால் அதிர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் பின்னால் பூசை அறை. சாமி படத்துக்குக் கீழே மஞ்சள் பை. கை நீட்டினால் எட்டாத தூரம், அவ்வளவுதான். பதின்மூவாயிரம் கிலோமீட்டரை டிக்கெட் எடுத்துக் கடந்துவிடலாம், இந்த எட்டடியை என்ன செய்வது?

எதிர் வீட்டு அம்மா வெளியே வந்தார்கள். "யாரத் தேடுதிய? பேச்சிமுத்துவயா? அவுக வீட்டோட ஐந்தருவிக்குல்லா போயிருக்காவ. ஆலங்குளத்துல இருந்து விருந்தாளுக வந்திருக்காவ."

"எப்ப வருவாவ?"

"குளிக்கப் போனவுக எப்ப வருவாவன்னு யாரு சொல்ல முடியும்? தண்ணி நல்லா விழுதாம்."

நான் பூட்டை இழுத்துப் பார்த்தேன். ஜன்னல் கம்பியை எண்ணிப் பார்த்தேன். அதை எண்ணி என்ன ஆகப்போகிறது என்று தெரியாமலே இரண்டாம் தடவையும் எண்ணினேன். பூட்டை உடைத்துவிடலாமா என்று கேட்டேன். பரஸ்தானம் வைத்த வீட்டுக் கதவையா உடைப்பது என்று அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில் அந்த யோசனை செத்தது.

"அண்ணாச்சி, ஒங்களுக்குப் பதட்டமே இல்லையா?"

"என்னத்துக்குப் பதட்டம்? நான் புதன்கிழமையே பொறப்பட்டாச்சுல்லா" என்றார்.

இந்த நம்பிக்கைக்கு எதிராக உலக உருண்டையைத் தூக்கிப் போட்டாலும் அதில் இன்னொரு குழிதான் விழும். காரைத் திருப்பினேன்.

ஐந்தருவிப் பாதையில் வண்டிகள் வண்டிகளின் மேல் ஏறாத குறை. கிடைத்த இடத்தில் காரைச் செருகி, அண்ணாச்சியை உள்ளேயே உட்காரவைத்துவிட்டு ஓடினேன். ஓடினேன் என்பது பெருமைக்குச் சொல்வது. என் முட்டி அப்போதே ஓய்வு கேட்டுக்கொண்டிருந்தது.

ஆண்கள் குளிக்கும் பக்கம் ஒரு இருநூறு பேர் இருப்பார்கள். எல்லோரும் இடுப்பில் துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய், தலை மேல் தண்ணீர். அருவிக்கு அடியில் நின்றுவிட்டால் மாமனுக்கும் மச்சானுக்கும் வித்தியாசம் தெரியாது. இதில் நான் பேச்சிமுத்துவைப் பார்த்ததே இல்லை. ஓரமாக நின்று முழு மூச்சையும் திரட்டிக் கத்தினேன்: "பேச்சிமுத்து!"

நான்கு பேர் திரும்பினார்கள். தென்காசி பக்கத்தில் அந்தப் பெயரைக் கத்துகிறவன் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். ஒருவர் கோபமாகக்கூடக் கேட்டார், "என்னவே?" என்று. "நீங்க இல்ல" என்றேன். "அப்ப எதுக்குவே கூப்பிட்ட?" என்றார். நியாயமான கேள்வி.

உள்ளே போய்த்தான் தீரவேண்டும். செருப்பைக் கழற்றினேன். அலுவலகப் பேண்ட், முழுக்கைச் சட்டை, கழுத்தில் என் படம் போட்ட அட்டை. அப்படியே அருவிக்குள் நுழைந்தேன். தலையில் ஒரு லோடு ஜல்லியைக் கொட்டியது மாதிரி இருந்தது. வாயைத் திறந்து கூப்பிடப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துக் கொட்டாவி வந்தது. அருவியில் கொட்டாவி விட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். நாம் இரண்டு பேர்தான் இருப்போம். ஐந்தருவியில் ஓர் அருவியை நான் குடித்தேன். போலீஸ்காரர் விசில் ஊதி, "ஏய், பேண்ட்டுக்காரரே, வெளிய வாரும்" என்று கையைக் காட்டினார்.

இருமலுக்கு நடுவில் கடைசியாக ஒன்று கத்தினேன்: "புளியங்குடி எலுமிச்சங்கா மண்டி மச்சினன் யாரு?"

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு குண்டு மனிதர் வெளியே வந்தார். "நாந்தான். என்ன, அத்தான் அதுக்குள்ள கெளம்பிட்டாவளா?"

"எப்படிக் கெளம்ப? பாஸ்போர்ட்டு ஒம்ம வீட்டுக்குள்ளல்லா இருக்கு!"

"பிளேன் ராத்திரி எட்டு மணிக்குல்லா? சாயங்காலம் வந்து எடுப்பாவன்னுல்லா நெனச்சேன். செங்கோட்ட பஸ்ஸ்டாண்டுல அஞ்சு நிமிசம் முன்ன போனா ஏறிரலாமே."

எட்டு மணி விமானத்துக்கு எட்டு மணி பேருந்துக் கணக்கு. அவரைச் சொல்லி என்ன செய்ய, சார் உருண்டையை அவர் பார்த்ததில்லை. "சாவியக் கொடும்" என்றேன்.

சாவி அவர் அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்தது. அருவியில் தொலைந்துவிடக் கூடாது என்ற முன்ஜாக்கிரதை. அந்த முடிச்சு தண்ணீரில் ஊறி, இறுகி, கல்லாகிக் கிடந்தது. அவர் இழுத்தார். நான் இழுத்தேன். 'நீங்க இல்ல' என்று நான் சொன்ன பேச்சிமுத்துவும் இரக்கப்பட்டு வந்து பல்லால் கடித்துப் பார்த்தார். வரவில்லை. கயிற்றை அறுக்கலாம் என்றேன். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா அரைஞாண் கயித்த அறுக்கவா?" என்று நான்கு பேச்சிமுத்துகளும் ஒரே குரலில் கேட்டார்கள்.

எனவே சாவியை அதன் உடையவரோடு சேர்த்துக் கொண்டுபோனோம். பெண்கள் பக்கம் பார்த்து, "ஏட்டி, இப்ப வந்துருதேன்!" என்று சத்தம் கொடுத்துவிட்டு, ஈரத்துண்டோடு காரில் ஏறினார். முன் இருக்கையில் நான் சொட்டினேன், பின் இருக்கையில் அவர் சொட்டினார். அவருக்குப் பக்கத்தில் அண்ணாச்சி மட்டும் காய்ந்த வேட்டியோடு, "தண்ணி எப்படிலே, நல்லா விழுதா?" என்று விசாரித்துக்கொண்டு வந்தார்.

செங்கோட்டை வீட்டுக் கதவில் பேச்சிமுத்து நுனிக்காலில் நின்று, இடுப்பைப் பூட்டோடு ஒட்டி, சாவியை நுழைத்து, உடம்போடு சேர்த்து ஒரு திருகு திருகினார். எதிர் வீட்டு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பூட்டு திறந்தது. பாஸ்போர்ட் அட்டையில் மூன்று விரல் திருநீறு, ஒரு குங்குமப் பொட்டு. உள்ளே படப் பக்கம் சுத்தமாக இருந்தது. விரலால் தொட்டேன். கம்மல் டப்பியையும் தொட்டேன். பிறகு இன்னொரு தடவை இரண்டையும் தொட்டேன்.

புளியரை தாண்டி மலை ஏறும்போது சாருக்குப் போன் போட்டேன். நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னேன். அந்தப் பக்கம் கண்ணாடி துடைக்கப்படுகிறது என்று புரிந்தது.

"அருவிக்குப் போட்ட ஒரு மணி மிச்சம் இருக்கா?"

"இல்ல சார். அதுல குளிச்சாச்சு."

"கருப்பசாமிக்குப் போட்டது?"

"அது அப்படியே இருக்கு. நிக்காமப் போயிரட்டா சார்? அர மணி லாபம்."

"அதுல கை வைக்காத. எறங்கிக் கும்புட்டுட்டுப் போங்க."

இறங்கினோம். அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்த எலுமிச்சம்பழத்தைக் கருப்பசாமிக்கு வைத்தார். நான் கும்பிட்ட வேகத்தைப் பார்த்துப் பூசாரியே பயந்திருப்பார். மலையாளக் கரையில் மழை பிடித்துக்கொண்டது. தென்மலையில் அண்ணாச்சி வாந்தி எடுத்தார், சரியாகக் கால் மணி ஆனது. பாலோடு வரும்போது என் சட்டை காய்ந்திருந்தது. விமான நிலையத்தில் நாங்கள் இறங்கியபோது மணி ஐந்தைத் தாண்டிக் கொஞ்சம்தான் ஆகியிருந்தது. அருவியில் போன நேரத்தையும் சேர்த்து, சார் எழுதியதற்கு அவ்வளவுதான் வித்தியாசம்.

உள்ளே போகும் வாசலில் அண்ணாச்சி நின்றார். ஒரு கையில் பெட்டி, மறு கையில் மஞ்சள் பை. இவ்வளவு நேரமும் ஆடாத மனிதர், அங்கே வந்து அந்தப் பையின் காதைத் திருகிக்கொண்டு கேட்டார்:

"தம்பி, அவ பேசுவாளா?"

எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தூரம் தெரியும், நேரம் தெரியும், எந்த வாசலில் ஏற வேண்டும் என்று தெரியும். ஒருவேளை பேசாவிட்டால், இவர் இவ்வளவு தூரம் போய் அந்நிய ஊரில் ஒரு பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்ற நினைப்பு வந்ததும், அன்று முழுக்க விட்டதிலேயே பெரிய கொட்டாவி ஒன்று வந்தது. தாடை கடக்கென்றது.

அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "நீயே கொட்டாவி விடுத. அப்ப ஒண்ணும் பயமில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குப் போனேன். என் போனில் ஒரு படம் வந்திருந்தது. தெரியாத எண், அமெரிக்க எண். படத்தில் பட்டு வேட்டி கட்டிய அண்ணாச்சி சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். மடியில் பட்டுப் பாவாடை கட்டிய குழந்தை, இரண்டு காதிலும் கம்மல். கன்னத்தில் கண்ணீர் காயவில்லை, ஆனால் அழவில்லை. தலையைத் தூக்கி மாமனின் முகத்தையே பார்க்கிறது, ஒரு கையால் அவர் மூக்கைப் பிடித்திருக்கிறது. மாமன் வாயைப் பிளந்து உறங்குகிறார்.

கூடவே பேச்சாக ஒரு செய்தி. சாரும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தேன். புளியங்குடிப் பேச்சு, கொஞ்சமும் மாறவில்லை:

"அண்ணே, நான் சண்முகவேல் தங்கச்சி செல்வி பேசுதேன். ஒங்க நம்பர மதினிகிட்ட வாங்குனேன். ரெண்டு காதும் குத்தியாச்சு. பிள்ள போட்ட சத்தத்துல கோயிலே திரும்பிப் பாக்குது, இவன் எழும்பல. எல்லாரும் எழுப்பு எழுப்புன்னாவ. நாந்தான் வேண்டாம்னுட்டேன். எழும்புனா அழுவான். நேத்து ஏர்ப்போர்ட்டுல என்னப் பாத்ததுல இருந்து அதுதான் பண்ணுதான்." பின்னால் யாரோ சிரித்தார்கள். "அவனுக்கு ரிட்டர்ன் செவ்வாக்கெழமையாம்லா? ஒரு வாரம் தள்ளிப் போட முடியுமான்னு பாருங்க. அவன்கிட்ட இன்னும் கேக்கல. மண்டி மண்டின்னுவான். நீங்க மாத்திட்டுச் சொல்லுங்க, நான் பாத்துக்கிடுதேன்."

பயணி கேட்காமல் டிக்கெட்டை மாற்றக்கூடாது. அது நம் தொழிலில் முதல் பாடம். நான் சாரைப் பார்த்தேன். வாய் தானாகத் திறக்க ஆரம்பித்தது.

சார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். போனை வாங்கிப் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, குழந்தையின் காதைப் பார்த்தார், பிறகு அண்ணாச்சியின் வாயைப் பார்த்தார்.

"லக்கேஜ் இன்னும் வந்து சேரல மாரி" என்றார். "வார வரைக்கும் ஆளு அங்கனதான இருக்கணும்? மாத்து."